எம்.டி. 90: புத்தகத்தில் ஒன்று, இரும்பில் ஒன்று

வாங்குவதற்கு முன் பார்த்திருக்கவேண்டியதை எல்லாம் வாங்கின பிறகு பார்த்த கதை இது. பழைய மோட்டார் சைக்கிள் எடுக்க நினைக்கிறவர்கள் இதைக் கடைசியிலிருந்து மேல்நோக்கி வாசித்தால் காசும் அலைச்சலும் மிஞ்சும்.

மாசி மாதம். காலபோக நெல் விற்ற காசு கையில் இருந்தது. முத்தையன்கட்டுப் பக்கம் ஒரு ஐயாவிடம் எம்.டி. 90 ஒன்று விலைக்கு நிற்கிறது என்று மச்சான் சொன்னான். தர்மபுரத்திலிருந்து புதுக்குடியிருப்பு போய், அங்கிருந்து ஒட்டுசுட்டான் ரோட்டில் இறங்கி, மத்தியானத்துக்குள் ஐயாவின் வளவுக்குள் நின்றோம். வேப்பமரத்தின் கீழ் நீலப் பெயின்ற் பூசி நின்றது வண்டி. இரண்டாவது உதையில் ஸ்டார்ட் வந்தது. அவ்வளவுதான், என் புத்தி அங்கேயே நின்றுவிட்டது.

வெளியூர்க்காரருக்கு எம்.டியின் அருமை விளங்காது. யப்பானில் தபால்காரர்கள் ஓடுவதற்கென்று ஹொண்டா செய்த சிவப்பு வண்டி. கியர் மாற்றக் கிளச் பிடிக்கத் தேவையில்லை. காலால் மிதித்தால் போதும். பாரம் தாங்கும் கரியர். சேறு, மணல், வாய்க்கால் வரம்பு எதுவென்றாலும் ஏறி இறங்கும். பெற்றோலுக்குத் தடை இருந்த தொண்ணூறுகளில் மண்ணெண்ணெயில் ஓடி வன்னியைச் சுமந்தது இதுதான். 2020 பங்குனியில் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது பழசுகளுக்கு ஏறிய விலை வேறு. ஐயா ஒரு இலட்சத்து இருபது சொன்னார். ஒரு இலட்சத்துப் பத்துக்கு முடித்தோம்.

"தம்பி, உது என்ர பிள்ளை மாதிரி. இடம்பெயரேக்க பொலித்தீன் சுத்தித் தாட்டுப்போட்டுப் போய், திரும்பி வந்து கிண்டி எடுத்தனான்" என்றார். மனுசி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தா. பிறகு ஐயா ஒரு சொப்பிங் பையை அவிழ்த்தார். உள்ளே பதிவுப் புத்தகம், ஓரமெல்லாம் தண்ணீர் ஊறிப் பழுப்பேறி. அதோடு எம்.ரீ.ஏ. 6, எம்.ரீ.ஏ. 8 என்ற இரண்டு பெயர் மாற்றப் படிவம். அதில் விற்பவரின் கையெழுத்து இருந்தது. திகதியும் வாங்குபவரின் பெயரும் வெறுமை. கையெழுத்து ஐயாவுடையது இல்லை. புத்தகத்தில் இருந்த பெயரும் ஐயாவுடையது இல்லை.

ஓப்பின் பேப்பர் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். உரிமையாளர் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிடுவார். வாங்கினவர் தன் பெயருக்கு மாற்றாமல் அடுத்தவருக்கு, அவர் அடுத்தவருக்கு என்று கடுதாசி கை மாறிக்கொண்டே போகும். சட்டத்தில் கைமாறி 14 நாளுக்குள் அறிவிக்கவேண்டும். எங்கள் பக்கத்தில் 14 வருடம் ஆனாலும் கேட்பாரில்லை, ஒரு விபத்து நடக்கும்வரை. அப்போது பொலிஸ் போய்க் கதவைத் தட்டுவது புத்தகத்தில் பெயர் உள்ளவரின் வீட்டில். இது எனக்குத் தெரியாமல் இல்லை. எல்லாரும் இப்படித்தானே என்று வாங்கி மடித்துப் பொக்கற்றில் வைத்தேன்.

மூன்றாம் நாள்தான் வண்டியைக் கழுவினேன். செம்மண்ணும் எண்ணெய்யும் கலந்து எஞ்சினுக்குக் கீழே அப்பம் சுட்டமாதிரி அடை. கழுவும்போது புத்தகத்தை எடுத்துத் திண்ணையில் வைத்துக்கொண்டேன். செசி நம்பரையும் எஞ்சின் நம்பரையும் ஒருமுறை ஒத்துப் பார்த்தால் மனதுக்கு ஆறுதல், அவ்வளவுதான் நோக்கம்.

செசி நம்பர் சட்டகத்தின் இடப்பக்கத்தில் இரும்பிலேயே அடித்திருக்கும். என் வண்டியில் அந்த இடம் பெயின்றால் மூடிக் கிடந்தது, எழுத்தின் நிழல் மட்டும் தெரிந்தது. இங்கேதான் பலர் பிழை விடுகிறார்கள். கிறைண்டரையோ கம்பிப் பிரஷையோ எடுத்தால் பெயின்றோடு எழுத்தின் விளிம்பும் போய்விடும். பிறகு பரிசோதகர் பார்த்தால் நீங்கள்தான் இலக்கத்தை அராவினீர்கள் என்று நினைப்பார். நான் செய்தது இது: பெயின்ற் கரைக்கும் தின்னரைத் துணியில் நனைத்து அந்த இடத்தில் பத்து நிமிடம் ஒட்டி வைத்தேன். ஊறியதும் பிள்ளையின் பழைய பல்துலக்கும் பிரஷால் மெதுவாகத் தேய்த்தேன். பிறகு மண்ணெண்ணெய்த் துணி. பிறகு திரும்பவும் தின்னர். அவசரப்படாமல் நாலு தடவை.

நீலம் போனது. அதன் கீழே கறுப்பு. கறுப்பின் கீழே கரும்பச்சை. பிரஷால் பூசின கோடுகள் அப்படியே. பச்சைக்கும் கீழே, நகக்கண் அளவு இடத்தில், சிவப்பு. யப்பான் தபால் சிவப்பு. அந்தப் பச்சை எந்தக் காலத்தில், யார் கையால், எதற்காகப் பூசப்பட்டிருக்கும் என்பதை வன்னியில் இருப்பவருக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதை அப்படியே விட்டு எழுத்தைப் பார்த்தேன்.

'எம்.டி90', ஒரு கோடு, பிறகு இலக்கங்கள். ஒவ்வொன்றாகப் புத்தகத்தோடு ஒத்துக்கொண்டு வந்தேன். கடைசிக்கு மூன்றாவது இலக்கத்தில் நெஞ்சு ஒருமுறை நின்றது. புத்தகத்தில் 8. இரும்பில் 3.

வெயிலில் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தும் 3தான். மனுசி வந்து எட்டிப் பார்த்து, "மூண்டு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டா. அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் ஒரு ரூபாக் குற்றியின் மேல் கடுதாசி வைத்துப் பென்சிலால் தேய்ப்போமே, அது நினைவுக்கு வந்தது. கொப்பியிலிருந்து மெல்லிய தாள் ஒன்றைக் கிழித்து, எழுத்தின் மேல் இறுக்கிப் பிடித்து, பென்சிலைச் சரித்து வைத்து ஒரே பக்கமாகத் தேய்த்தேன். கண்ணுக்குத் தெரியாதது தாளில் வந்தது. 3இன் இடப்பக்கத்தில் மெல்லிய இரண்டு வளைவு. அந்தப் பள்ளத்துக்குள் பழைய பெயின்ற் கல்லாக இறுகி நிரம்பியிருந்திருக்கிறது. தையல் ஊசியால் கிளறினேன்; பச்சைத் தூளாக உதிர்ந்தது. 8.

அந்தத் தாளைத் திகதி போட்டுக் கோவைக்குள் வைத்திருக்கிறேன். பென்சில் தேய்ப்பு வெறும் வாசிப்புக்கு மட்டுமல்ல. எழுத்துகளின் உயரம் ஒன்றா, வரிசை நேரா, ஆழம் சமமா என்பதும் அதில் துலங்கும். கையால் அடித்த போலி இலக்கம் என்றால் ஒன்று ஏறும், ஒன்று இறங்கும். சுற்றிவர இரும்பு தட்டையாக அராவப்பட்டிருந்தாலோ, வெல்டிங் பிடித்து மினுக்கின அடையாளம் இருந்தாலோ கையை எடுத்துவிடவேண்டும். என்னுடையது நேராக இருந்தது. செசி சுத்தம்.

இது இன்னொரு வழியிலும் உறுதியானது. 2022 ஆடியில் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூ.ஆர். எடுத்தோமே, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று தொடங்கினது. அதற்குப் பதியும்போது வாகன இலக்கத்தோடு செசி நம்பரையும் கேட்டது. ஐயா அப்போது இந்த வண்டிக்கு எடுத்த கியூ.ஆர். தாளையும் சொப்பிங் பைக்குள் வைத்திருந்தார். அந்த நேரம் எத்தனை பேர் தங்கள் வண்டியின் செசி நம்பரை வாழ்க்கையில் முதன்முறையாகக் குனிந்து பார்த்தார்கள் என்று யோசித்தால் சிரிப்பு வரும்.

சரி, அடுத்தது எஞ்சின். வண்டியைச் சரித்து, இடப்பக்கக் கேஸின் அடியில் இருந்த அடையைச் சுரண்டினேன். இங்கே பெயின்ற் இல்லை, எழுத்து பளிச்சென்று இருந்தது. புத்தகத்தில் 'எம்.டி90ஈ' என்று தொடங்கவேண்டும். இரும்பில் 'எச்.ஏ02ஈ' என்று தொடங்கியது.

இந்த முறை தின்னரும் இல்லை, பென்சிலும் இல்லை. அது வேறு எஞ்சின்.

இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். யப்பானுக்குள் விற்கச் செய்த ஹொண்டாக்களில் செசி நம்பர் வண்டியின் வகைப்பெயரில் தொடங்கும். எஞ்சின் நம்பர் அதே வகைப்பெயரோடு ஒரு 'ஈ' சேர்ந்து தொடங்கும். அந்த 'ஈ' எஞ்சின் என்பதற்கு. இரண்டின் வகைப்பெயரும் ஒன்றாக இருக்கவேண்டும், அதன் பின்னால் வரும் இலக்கங்கள் ஒன்றாக இருக்கத் தேவையில்லை. இதில் வருடக் குறி கிடையாது. பக்கத்து வீட்டுப் பெடியன் தன் பஜாஜ்ஜின் நம்பரைப் போட்டு வருடம் பார்த்த செயலியில் என்னுடையதைப் போட்டால் "17 எழுத்து இல்லை" என்று துப்பிவிட்டது. துப்பத்தான் செய்யும். இந்திய வண்டிகளுக்கு 17 எழுத்து. பஜாஜ் என்றால் 'எம்.டி2', ஹீரோ என்றால் 'எம்.பி.எல்' என்று தொடங்கும். அவன் வண்டியில் பத்தாவது எழுத்து வருடம். ஜி என்றால் 2016, எச் என்றால் 2017. ஒன்றோடும் சைபரோடும் குழம்பும் என்று ஐ, ஓ, கியூ மூன்றையும் சேர்ப்பதில்லை. யப்பான் உள்ளூர் வண்டிக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது.

'எச்.ஏ02' என்பது எண்பதுகளில் வந்த ஹொண்டா சுப்பர் கப் 90இன் வகைப்பெயர். ஆக என் தபால் வண்டியின் வயிற்றில் ஒரு கப்பின் எஞ்சின். இது எப்படிச் சாத்தியம் என்று கேட்டால், மிகச் சுலபம். இந்த எஞ்சின் சட்டகத்தில் இரண்டு போல்ற்றில்தான் தொங்குகிறது. செயின், சைலன்சர், கார்பரேற்றர், நாலு வயர். தெரிந்த கை அரை மணித்தியாலத்தில் கழற்றி மாட்டும்.

புகை கொஞ்சம் தள்ளியதால் எப்படியும் ஹெட்டைக் கழற்றவேண்டி இருந்தது. விசுவமடுவில் கராஜ் வைத்திருக்கும் அண்ணையிடம் கொண்டுபோனேன். அவர் தொண்ணூறுகளில் மண்ணெண்ணெய் வண்டிகளிலேயே தொழில் பழகியவர். நம்பரைச் சொன்னதும், "கழட்டு, அளந்து பாப்பம்" என்றார். வேனியரை விட்டால் பிஸ்டன் 47 மில்லிமீற்றர். கப்பின் எஞ்சினில் பிஸ்டன் விட்டம் 47, அது ஏறி இறங்கும் தூரம் 49.5; கணக்குப் பார்த்தால் கொள்ளளவு 85 சி.சி. பழைய 90களின் எஞ்சின் 50க்கு 45.6, அது 89 சி.சி. என் புத்தகத்தில் கொள்ளளவு என்ற இடத்தில் 89 என்றுதான் எழுதியிருந்தது. முதல் நாளே அந்த வரியை வாசித்து, ஹெட்டையும் கழற்றிப் பார்க்கிற புத்தி எனக்கு இருந்திருந்தால்... இல்லை, யார் மோட்டார் சைக்கிள் வாங்கப் போன இடத்தில் ஹெட்டைக் கழற்றுகிறான்.

அண்ணை இன்னொன்றும் காட்டினார். கார்பரேற்றருக்கும் ஹெட்டுக்கும் இடையில் உள்ள குழாயில் ஒரு சின்னத் துளை, அதில் ஈயம் வைத்து ஒட்டி அடைத்த தழும்பு. "உதுக்குள்ளாலதான் பெற்றோல் விடுறது. சிரிஞ்சில ரெண்டு சொட்டு. உதைஞ்சு ஸ்டார்ட் வந்தாப் பிறகு மண்ணெண்ணெய் இழுக்கும்." மண்ணெண்ணெயில் எஞ்சின் தட்டாமல் இருக்க ஹெட்டுக்குக் கீழே இரண்டு காஸ்கட் வைத்துக் கொம்பிரசனைக் குறைப்பார்களாம். இந்த எஞ்சினில் ஒரு காஸ்கட்தான் இருந்தது. "அப்ப இந்தக் குழாய் பழைய எஞ்சின்ர. எஞ்சின் மாத்தினது பெற்றோல் வந்தாப் பிறகு" என்று முடித்துவிட்டார். குழாயைத் துடைத்து ஒரு சிகரெட் பெட்டியின் மேல் வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். பாதை திறந்தது 2002இல். ஆக எஞ்சின் மாறியது அதற்குப் பின். ஒரு கடுதாசியும் இல்லாமல் இவ்வளவு தெரிந்துவிட்டது.

"ஓடுதுதானே, விடு. ஆர் குனிஞ்சு பாக்கப் போறான்?" இதை மச்சான் சொன்னான், இன்னும் நாலு பேர் சொன்னார்கள். எனக்கு நித்திரை வரவில்லை. பெயர் மாற்றப் போனால் பார்ப்பார்கள். விபத்து என்றால் மோட்டார் வாகனப் பரிசோதகர் குனிந்துதான் பார்ப்பார். எல்லாவற்றையும் விட, அந்த எச்.ஏ02 யாருடையது? ஒரு கப்பிலிருந்து கழன்றுதான் வந்திருக்கும். அந்தக் கப் எங்கே, அதன் ஆள் எங்கே? 2009க்குப் பிறகு இங்கே வெளிகளில் குவிந்து கிடந்த சைக்கிள்களையும் மோட்டார் சைக்கிள்களையும் பார்த்தவன் நான். அதற்குள் தன் வண்டியைத் தேடி நடந்த சனத்தையும் பார்த்தவன்.

முதலில் கடுதாசிப் பக்கத்தைத் தீர்ப்போம் என்று தொடங்கினேன். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையச் சேவையில் வாகன இலக்கத்தைப் போட்டால் அடிப்படை விபரம் கிடைக்கும். அது போதாது. கொழும்பில் வேலை செய்யும் மருமகன் நாரஹேன்பிட்டித் தலைமை அலுவலகத்துக்குப் போய்ப் பதிவின் சாரத்தை, எக்ஸ்ட்ராக்ட் என்பார்களே, அதை எடுத்து அனுப்பினான். அதில் நான் தேடியது மூன்று. இப்போதைய பதிவு உரிமையாளர் யார். முழு உரிமையாளர் என்ற இடத்தில் ஏதும் நிதி நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா. புத்தகத்தில் உள்ள இலக்கங்களும் திணைக்களத்தில் உள்ளவையும் ஒன்றா. இரண்டாவதைப் பலர் கவனிப்பதில்லை. லீசிங் முடிந்தும் அந்தப் பெயரை வெட்டாமல் விட்டிருந்தால் வண்டி உங்களுடையது ஆகாது. லீசிங் முடியாமலே விற்றிருந்தால் ஒருநாள் காலையில் வாசலில் வந்து இழுத்துக்கொண்டு போவார்கள். எனக்கு அந்த இடம் வெறுமை. எஞ்சின் 'எம்.டி90ஈ'. உரிமையாளர் கொடிகாமத்தில் ஒருவர்.

வண்டிக்குச் சிங்கள ஸ்ரீ எழுத்துப் போட்ட பழைய இலக்கம். 1958இல் இதே எழுத்தின் மேல் எங்கள் ஆட்கள் தார் பூசினார்கள். இன்று பழைய வண்டி வாங்கும்போது "ஸ்ரீ நம்பர், ஒறிஜினல்" என்று சொல்லி விலையைக் கூட்டுகிறோம்.

கொடிகாமத்துக்குப் போகும்போது, ஆள் இருக்கிறாரா என்பதே பயம். பதிவு உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசுகள், மரணச் சான்றிதழ் என்று அது ஒரு தனி யாத்திரை. விதானையாரிடம் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். எண்பதை நெருங்கின மனிதர், சாய்மனைக் கதிரையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். வண்டியின் படத்தைப் போனில் காட்டினேன். நீலத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். சட்டகத்தில் நான் சுரண்டின இடத்தின் படத்தைக் காட்டினேன், அந்த நகக்கண் சிவப்பை. போனை வாங்கிக் கிட்ட வைத்துப் பார்த்தார்.

"86இல கொழும்பில எடுத்து, யாழ்தேவியில ஏத்தி, கொடிகாமத்தில இறக்கினது. ஸ்ரேசனில இருந்து வீட்ட உருட்டிக்கொண்டு வந்தனான். பெற்றோலை வடிச்சுப்போட்டுத்தானே ஏத்த விட்டவங்கள்." யாழ்தேவி 1990 ஆனியோடு நின்றது, அதற்கு நாலு வருடம் முந்தின கதை. 95 இடம்பெயர்வில் கிளிநொச்சிக்கு வந்த இடத்தில் காசுக்கு முடை வந்து இன்னொருவருக்குக் கொடுத்திருக்கிறார். அந்தாள் இப்போது கனடாவில். அவரிடமிருந்துதான் முத்தையன்கட்டு ஐயா எடுத்தது. ஆகப் புத்தகத்தில் ஒரே ஆள், உண்மையில் என்னோடு நாலு பேர். புதுப் படிவத்தில் என் கண்முன்னே கையெழுத்துப் போட்டு, அடையாள அட்டைப் பிரதியும் தந்தார். பழைய படிவத்தைத் திருப்பி நீட்டினேன். வாங்கிக் கிழித்தார். "என்ர கையெழுத்து எங்கையெல்லாம் திரிஞ்சிருக்கு" என்றார்.

அடுத்த ஞாயிறு ஐயாவிடம் போனேன். சண்டைக்கு இல்லை. எஞ்சின் நம்பரைச் சொன்னதும் அவர் திடுக்கிடவில்லை. நம்பரைப் பற்றி அவர் ஒருநாளும் யோசித்ததே இல்லை. சமாதான காலத்தில் பிஸ்டன் இறுகி நின்றதாம். வவுனியாவில் பழைய சாமான் கடையில் ஒரு எஞ்சின் எடுத்து மாட்டினாராம். ரசீது? "ரசீதோ? பொக்கணையையும் வலைஞர்மடத்தையும் கடந்து முள்ளிவாய்க்காலுக்குப் போனனாங்கள் தம்பி. இந்தப் புத்தகம் மிஞ்சினதே பெரிசு." நியாயம். கடைக்கார ரசீது இல்லாமல் எஞ்சின் மாற்றத்தைப் பதிவது கடினம் என்று நான் சொல்லிக்கொண்டிருக்க, பின்வளவில் ஐயாவின் மனுசி கோழிக்கூட்டைச் சாத்தினா. கதவு திறபடாமல் இருக்கக் காலால் எதையோ தள்ளி முட்டுக் கொடுத்தா.

கறுப்பாக, உருண்டையும் தட்டையுமாக, ஒரு பக்கம் துடுப்புத் துடுப்பாக.

"அது என்ன ஐயா?"

"அதுதான் அந்தப் பழைய எஞ்சின். வண்டியைத் தாட்ட கிடங்குக்குள்ள அதையும் போட்டனாங்கள். நல்ல பாரம், கதவுக்குத் தோது."

முழங்காலில் இருந்து, கோழி எச்சத்தை ஓலை ஈர்க்கால் சுரண்டினேன். பென்சிலும் தாளும் பொக்கற்றில் இருந்தன. 'எம்.டி90ஈ'. ஒவ்வொரு இலக்கமும் புத்தகத்தில் உள்ளபடி.

இனி வேலை கராஜில். பிளக் துவாரத்தால் டீசலும் மண்ணெண்ணெய்யும் கலந்து விட்டு ஐந்து நாள் ஊறவைத்தோம். ஆறாம் நாள் சிலிண்டரைத் தளர்த்தி, முதிரைக் கட்டை வைத்துத் தட்டத் தட்ட மயிரிழை மயிரிழையாக இறங்கியது. சிலிண்டர் சுவரில் துருக் குழிகள். கிளிநொச்சியில் லேத்துக்குக் கொடுத்து 0.50 கூட்டிக் கடைந்தோம். பிஸ்டனும் றிங்கும் யாழ்ப்பாணத்தில் தேடிப் பிடித்தது. கிராங் ஆட்டமில்லாமல் இருந்தது அதிசயம். எண்ணெய் வடிக்காமலே தாட்டதால் அடிப்பகுதி தப்பியிருக்கிறது என்றார் அண்ணை. பேரிங், ஓயில் சீல் எல்லாம் புதுசு. வால்வு இடைவெளி 0.05 மில்லிமீற்றர். பிளையிங் வீலில் 'ரீ' குறியை ஒட்டி, கேம் சக்கரத்தின் குறியை நேர்பிடித்து செயினைப் போட்டோம். இதற்கெல்லாம் 38,000 ரூபாய் போனது. வண்டி விலையோடு கூட்டிப் பார்க்கவேண்டாம் என்று மனுசி சொல்லியிருக்கிறா.

ஒரு சின்னக் குறை. ஐயா "புது ரயர்" என்று சொல்லி விற்றதன் பக்கத்தில் நாலு இலக்கம் '1817' என்று இருந்தது. முதல் இரண்டும் கிழமை, பின் இரண்டும் வருடம். 2017இல் பதினெட்டாவது கிழமை செய்தது. கறுப்புப் பொலிஷ் பூசினால் ரயர் புதுசாகாது. வெடிப்பு விட்டிருந்ததால் அதையும் மாற்றினேன். கிலோமீற்றர் முள்ளைப் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை. கேபிளே இல்லை.

பழைய எஞ்சின் தன் இடத்துக்குப் போய் இரண்டு போல்ற்றும் இறுகின அன்று பின்னேரம் ஸ்டார்ட் பண்ணினோம். ஒன்பதாவது உதை. சத்தம் எச்.ஏ02ஐ விடக் கொஞ்சம் தடிப்பு, அல்லது எனக்கு அப்படிக் கேட்டது. அண்ணை காதை வைத்துக் கேட்டுவிட்டு, ஐந்நூறு கிலோமீற்றருக்கு முறுக்காதே என்றார்.

பிறகு நடந்தது சாதாரணம். புகைப் பரிசோதனை, மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸ், ஏ.ஜி.ஏ. ஒவ்வீஸ் என்கிற பிரதேச செயலகத்தில் விட்டுப்போன வருடங்களின் வரியும் தண்டமும். பெயர் மாற்றத்துக்குக் கட்டி ரசீது வாங்கினேன். கிளிநொச்சிக் கச்சேரியில் பரிசோதகர் ரோச் அடித்துக் குனிந்து பார்த்தார். செசியை வாசித்தார், எஞ்சினை வாசித்தார், புத்தகத்தைப் பார்த்தார். இரண்டு நிமிடம்கூட இல்லை. "இவ்வளவு கிளீனா வைச்சிருக்கிறீர், எம்.டியில இப்படி ஒத்துவாறது குறைவு" என்றார். கோழிக்கூட்டுக் கதையைச் சொல்ல வாயெடுத்து, பின்னால் நின்ற வரிசையைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

எச்.ஏ02 எஞ்சின் இப்போது என் கொட்டிலில், உரப்பைக்குள். அதன் நம்பரையும் பென்சிலால் தேய்த்து எடுத்து, எங்கே யாரிடமிருந்து வந்தது என்று ஐயா சொன்னதை எழுதி, அவரிடம் கையெழுத்தும் வாங்கித் தாளோடு பையில் கட்டியிருக்கிறேன். நல்ல எஞ்சின்தான், மூன்று பேர் விலை கேட்டுவிட்டார்கள். யாராவது எண்பதுகளின் கப் 90 புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு, எஞ்சின் இல்லாமல் தேடிக்கொண்டிருந்தால் முதலில் அந்த நம்பரைச் சொல்லட்டும், பிறகு பையை அவிழ்க்கிறேன்.

ஐயாவுக்குக் கோழிக்கூட்டுக் கதவுக்கு ஒரு புளொக் கல் கொண்டுபோய்க் கொடுத்தேன். எஞ்சின் அளவுக்குப் பாரம் இல்லையாம், கீரி தள்ளிப்போடும் என்கிறா அவர் மனுசி. அடுத்தமுறை போகும்போது இன்னொன்று ஏற்றவேண்டும். கரியரில் இரண்டு கல் தாராளமாகப் போகும்.